போட்டோவை விற்கலாம்... ஆனா முதல்ல அச்சடிக்காதீங்க!



போன பிப்ரவரியில படப்பையில இருக்கிற நம்ம ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். ஒரகடத்துல ஷிப்ட் வேலை. லீவு கிடைச்சா பைக்கும் கேமராவும்தான். மணிமங்கலம் ஏரியில சூரிய உதயம், வேடந்தாங்கல் பறவைகள், கொல்லிமலையோட கொண்டை ஊசி வளைவுகள்னு படம் எல்லாம் நிஜமாவே அருமை. அந்தப் படங்களை வச்சு 300 மேஜை காலண்டர் அடிச்சு வித்திருக்கார்.

"சார், நஷ்டம் வந்துடுச்சு. அதைச் சம்பளத்துல கழிச்சு வரியைக் குறைச்சுடலாம்ல?"

முடியாது. தொழில் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோட கழிக்க வருமான வரிச் சட்டம் அனுமதிக்கிறதில்லை. அடுத்த வருஷங்கள்ல வர்ற தொழில் லாபத்துலதான் கழிக்கலாம். அதுக்கும் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும். தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 படிவமும் செல்லாது.

அவர் கணக்கைப் பாருங்க. அச்சுக்கூலி ஒண்ணுக்கு 110 ரூபாய் வீதம் 33,000. வித்தது 170, விலை 249 ரூபாய். வரவு 42,330. பேக்கிங், கூரியர் ஒண்ணுக்கு 75 ரூபாய் வீதம் 12,750. மொத்தச் செலவு 45,750. நஷ்டம் 3,420 ரூபாய். 50 காலண்டரை நண்பர்களுக்குச் சும்மா கொடுத்துட்டார். மீதி 80 பரண்ல தூங்குது. பெட்ரோலும் அவரோட நேரமும் இதுல சேரவே இல்லை.

இதுவே 170 பேர்கிட்ட முன்பணம் வாங்கிட்டு 170 மட்டும் அடிச்சிருந்தா? அச்சுக்கூலி 150 ரூபாயா ஏறியிருந்தாக்கூட 4,080 ரூபாய் லாபம். "நிறைய அடிச்சா ரேட் கம்மி"ங்கிற ஆசைதான் அவரைக் கவுத்தது. காலண்டர் தயிர் மாதிரி. பொங்கல் தாண்டினா புளிச்சுப் போயிடும். அதனாலதான் சிவகாசிக்காரங்க ஆடிப்பெருக்குக்கே மாதிரி ஆல்பத்தைக் காட்டி ஆர்டர் பிடிக்கறாங்க. எத்தனை வேணும்னு தெரிஞ்ச பிறகுதான் மெஷின் ஓடும். நாம தீபாவளி முடிஞ்சு யோசிக்க ஆரம்பிக்கிறோம்!

ஜிஎஸ்டியில ஒரு பொறி

"40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி பதிவு வேண்டாமே?"ன்னு கேட்டார். பொருளைத் தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் வித்தா சரி. ஆனா அவரோட பார்சல்ல 11 பெங்களூருக்குப் போயிருக்கு. பொருளை வெளி மாநிலத்துக்கு வித்தா முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். வாட்ஸ்அப்ல வந்த ஆர்டரா இருந்தாலும் அதேதான். பலருக்கு இது தெரியறதே இல்லை.

என் கருத்து

படத்தைத் தாளா விக்கிறதைவிட, உரிமமா விக்கிறது பெரும்பாலானவங்களுக்கு நல்லது. ஒரு கம்பெனிக்கு, "இந்த 12 படத்தை உங்க புத்தாண்டுக் காலண்டர்ல ஒரு வருஷத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கலாம்"னு எழுதிக் கொடுத்துக் கட்டணம் வாங்குங்க. அச்சுக்கூலி, கூரியர், பரண் எல்லாம் அவங்க தலைவலி. சட்டப்படி இது பொருள் இல்லை, சேவை. வெளி மாநிலக் கம்பெனியா இருந்தாலும் உங்க மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாத வரை பதிவு தேவையில்லை. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் ரோட்டுல எத்தனை கம்பெனி இருக்குன்னு தினமும் பஸ்ல போற உங்களுக்கே தெரியும்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மூணு விஷயம்:

1. நீங்களா எடுத்த படத்துக்குக் காப்புரிமை உங்களோடது. உங்க ஆயுள் முழுக்கவும், அதுக்கு அப்புறம் 60 வருஷமும் அது இருக்கும். ஆனா ஒருத்தர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம்னா, வேற மாதிரி எழுதிக்கலைன்னா உரிமை அவருக்குப் போயிடும்.

2. கட்டடம் தெரியற படம்னா கவனம். மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் 2017-ல தன் கட்டடத் தோற்றத்தையே டிரேட்மார்க்கா பதிவு பண்ணிடுச்சு. அதை அச்சடிச்சு வியாபாரம் பண்ணா கேள்வி வரலாம்.

3. உங்க வேலை ஒப்பந்தத்தைப் படிங்க. பக்கத் தொழிலுக்கு அனுமதி வேணும்னு இருந்தா முதல்ல எழுதி வாங்குங்க. 4,000 ரூபாய் லாபத்துக்காக மாசச் சம்பளத்தைப் பணயம் வைக்காதீங்க.

அச்சே வேண்டாம்னு நான் சொல்லலை. நம்ம ஊர் ஏரி இன்னொருத்தர் வீட்டுச் சுவர்ல தொங்குறது பெரிய சந்தோஷம்தான். முன்பணம் வாங்குங்க, அப்புறம் அடிங்க. அந்தத் தம்பி வேலையை விடறதா இருந்தார். இப்போ விடலை. இந்த ஆடிக்கு அவர் கையில 12 படத்தோட ஒரு மாதிரி ஆல்பம் மட்டும்தான் இருக்கும்.

விலை நிர்ணயிக்கிற எக்ஸெல் ஷீட்டை அடுத்த வீடியோவுல போட்டுக் காட்டறேன். உங்க பரண்ல எத்தனை காலண்டர் தூங்குதுன்னு மறைக்காம கமெண்ட்ல சொல்லுங்க!