சட்ட சரித்திரமும் கோடை விடுமுறையும்

சட்டம் கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். சட்டத்தின் சரித்திரத்தைக் கற்றவர்களோ மிகச் சிலரே. இக்குறையை நீக்க மேல்நாட்டார் கைக்கொண்டிருக்கும் ஒரு வழியை நேயர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் சட்ட சரித்திர நிலையம், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் பல தேசத்து மாணாக்கர்களைக் கோடையில் ஒன்றுகூட்டிப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில், பேராசிரியர் வில்லர்ட் ஹர்ஸ்டின் பெயரால் 2001-ல் ஒரு கோடைக் கழகம் ஆரம்பமாயிற்று. இளம் ஆராய்ச்சியாளர் சிலரை இரண்டு வாரம் ஓரிடத்தில் அமர்த்தி, மூத்தோர் முன்னிலையில் அவர்களுடைய எழுத்தைப் பரிசீலிப்பதே அங்குள்ள முறை.

இந்த ஹர்ஸ்ட் செய்த வேலை கவனிக்கத்தக்கது. தம் மாகாணத்து மர வியாபாரத்தையே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். காடு யாருக்குச் சொந்தம், ஆற்றில் மரம் மிதக்கவிட யாருக்கு உரிமை, ஒப்பந்தம் முறிந்தால் நீதிஸ்தலம் என்ன சொல்லிற்று என்று 1836 முதல் 1915 வரை ஆராய்ந்து, 1964-ல் பெருநூலாக வெளியிட்டார். விஸ்கான்ஸினுக்கு மரம் எப்படியோ, கொங்கு நாட்டுக்குப் பஞ்சு அப்படி. நொய்யல் அணைக்கட்டுகளின் நீர்ப் பாத்தியதையும், கோயமுத்தூர் ஆலைத் தொழிலாளர் வழக்குகளும் இத்தகைய ஆராய்ச்சிக்குக் காத்திருக்கின்றன.

சூலூரையே எடுத்துக்கொள்வோம். 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் இவ்வூர் விமான நிலையம் தீக்கிரையாயிற்று. அதே ஆண்டில் பிறந்த 2-வது அவசரச் சட்டம், அப்பீல் உரிமையைப் பெரிதும் சுருக்கி, விசேஷக் கிரிமினல் கோர்ட்டுகளுக்கு இடமளித்தது. 1943 ஜூனில் பெடரல் கோர்ட்டு அந்தக் கோர்ட்டுகளின் அதிகாரம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. அப்போது அதன் தற்காலிகப் பிரதம நீதிபதியாக இருந்தவர் தமிழரான ஸர் வரதாச்சாரியார். சர்க்கார் உடனே வேறோர் அவசரச் சட்டம் பிறப்பித்துப் பழைய தண்டனைகளுக்கு உயிர் கொடுத்தார்கள். 1944-ல் பிரிவி கவுன்ஸில் பெடரல் கோர்ட்டின் தீர்ப்பையே மாற்றிவிட்டது. தியாகிகளின் பெயர்களை ஆண்டுதோறும் சொல்லி வணங்குகிறோம். அவர்கள் எந்தக் கோர்ட்டில், எந்த விதிப்படி, எந்தச் சாட்சியத்தின் மேல் விசாரிக்கப்பட்டார்கள் என்று கேட்பவர் எத்தனை பேர்?

தாமதத்துக்கு இடமில்லை. கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளைத் தவணை கழிந்தபின் அழித்துவிட விதிகள் வகுக்கும் அதிகாரத்தை ஹைகோர்ட்டுகளுக்கு 1917-ம் வருஷத்திய சட்டமே அளித்துவிட்டது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை பிழைத்தன. ஜில்லாக் கோர்ட்டு அலமாரிகளில் கிடப்பவற்றுக்கு அந்த உறுதி இல்லை.

நமது மாணாக்கர்கள் பிராங்க்பர்ட்டுக்குப் போவதை நாம் தடுக்கவில்லை. போகட்டும், கற்று வரட்டும். ஆனால் அவர்களுடைய கோடை ஜூலை, ஆகஸ்டு. அப்போது நம் கலாசாலைகளில் பாடம் நடந்துகொண்டிருக்கும். விடுப்பும் விசாவும் வழிச்செலவும் கிடைப்பவர் சிலரே. மேலும், நிலப் பத்திரத்தின் பழந்தமிழையும் ஓலை எழுத்தையும் கல்வெட்டையும் வாசிக்க அங்கே யார் கற்பிப்பார்?

நமது கோடை மே மாதம். அப்போது கோர்ட்டுகளுக்கு விடுமுறை, வக்கீல்களுக்கு ஓய்வு. கோயமுத்தூர் சட்டக் கல்லூரியில் ஆண்டுக்கு இரண்டு வாரம் பத்து, பன்னிரண்டு ஆராய்ச்சி மாணாக்கர்களைக் கூட்டினால் போதும். ஓலையும் கல்வெட்டும் கற்பிக்கத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரை அழைக்கலாம். பழைய வழக்குக் கட்டுகளை விளக்க மூத்த வக்கீல்கள் முன்வரலாம். உணவுக்கும் ஜாகைக்கும் ஆலை முதலாளிகள் கைகொடுக்கலாம். சர்வகலாசாலைகள் அப்பயிற்சியைப் பட்டத்துக்குரிய பாடமாக அங்கீகரித்தால் மாணாக்கர்கள் தாமே வருவார்கள்.

பிறர் நம்மை எந்தச் சட்டத்தால் ஆண்டார்கள் என்பதை அறியாத ஜனங்கள், தம்மைத் தாமே ஆளும்போது அச்சட்டத்தின் மிச்சங்களை அடையாளம் காண மாட்டார்கள். அடுத்த மே மாதத்திற்குள் கோவை வக்கீல்கள் இவ்விஷயத்தில் முதல் அடி எடுத்து வைப்பார்களென எதிர்பார்க்கிறோம்.