சும்மா நிற்கும் படகா?

துறைமுகத்தில் நிற்கும் தீயணைப்புப் படகைச் சுட்டிக்காட்டி, "ஆண்டில் எத்தனை நாள் இது பயன்படுகிறது? இவ்வளவு செலவு எதற்கு?" என்று வினவுவோர் உளர். அவர்களுக்கு இரு நிகழ்வுகளை எடுத்துரைக்க விழைகிறேன்.

1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கம் உலுக்கியது. மெரினா வட்டாரத்தில் தீ மூண்டபோது நிலத்தடி நீர்க்குழாய்கள் உடைந்து கிடந்தன. பீனிக்ஸ் என்னும் தீயணைப்புப் படகுதான் விரிகுடா நீரை இறைத்துக் கரைக்கு அனுப்பியது.

நியூயார்க்கின் ஜான் ஜே. ஹார்வி 1931இல் கட்டப்பட்ட படகு. பணியிலிருந்து விலக்கப்பட்டு, 1999இல் ஏலத்தின்வழி தனியார் கைக்குச் சென்றது. 2001 செப்டம்பர் 11 அன்று கோபுரங்கள் சரிந்து நீர்க்குழாய்கள் சிதைந்தன. அந்த முதிய படகு மீண்டும் பணிக்கு வந்து, ஏறத்தாழ 80 மணி நேரம் ஹட்சன் ஆற்று நீரை இறைத்தது.

குழாய் உடையலாம்; கடல் வற்றுவதில்லை. ஆயினும் அந்நீரை அள்ளித்தரக் கலம் வேண்டுமன்றோ?

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை 2019இல் 'ரெட் செயில்ஃபிஷ்' என்னும் கலத்தைப் பணியில் சேர்த்தது. நிமிடத்திற்கு 240,000 லிட்டர் நீரைப் பாய்ச்சவல்லது அது. அக்கலம் ஆண்டு முழுவதும் சும்மா நின்றால் நாம் மகிழ்வோம். அதனை வீண்செலவென்று மட்டும் கணக்கெழுத வேண்டா.