கடையில ரெண்டு தடவை டெபிட்டா? கெஞ்சாதீங்க, கேளுங்க!

நேரு வீதியில துணி எடுக்குறீங்க. கார்டு தேய்ச்சா மெஷின்ல 'ஃபெயில்டு', அக்கவுண்ட்லயோ பணம் போயிடுச்சு. திரும்பத் தேய்ச்சா இன்னொரு டெபிட். கடையில 'பேங்க்ல கேளுங்க'ம்பாங்க, பேங்க்ல 'கடையில கேளுங்க'ம்பாங்க. மாசக் கடைசின்னா இஎம்ஐயே பவுன்ஸ் ஆகிடும்.

முதல்ல பணம் யார்கிட்ட நிக்குதுன்னு பாருங்க.

கடைக்கு கன்ஃபர்மேஷன் போகலைன்னா பேங்க்தான் பொறுப்பு. 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, 5 நாளுக்குள்ள பணம் தானா திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நீங்க புகார் கொடுக்காமலே தரணும். யுபிஐல கடைக்குக் கட்டினாலும் இதேதான்.

ரெண்டு தொகையும் கடைக்குப் போயிருந்தா, திருப்பித் தர வேண்டியது கடை. 'அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்'னா ஒத்துக்காதீங்க. ஸ்டேட்மென்ட்டைக் காட்டி, அதே கார்டுக்கு ரீஃபண்ட் போடச் சொல்லி மெயில் அனுப்புங்க. மசியலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பேங்க் 30 நாளா பதிலே தரலைன்னா ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.

'100 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா?'ன்னு தோணும். என்னைக் கேட்டா, அதையும் விடக்கூடாது. நாம கேட்காம விட்டா, தாமதம் அவங்களுக்கு இலவசமாயிடும்.