தனுஷ்கோடியில் காலடியையும் பாருங்கள்

தை, மாசியில் தனுஷ்கோடிக்கு வண்டி பிடித்துப் போகிறவர்களுக்குப் பூநாரை வேண்டும். அது கண்ணில் படாவிட்டால் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்று திரும்பிவிடுகிறார்கள். பூநாரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தனுஷ்கோடி இருக்கும் பாம்பன் தீவில் ஆண்டு முழுக்கக் குடியிருப்பவை வேறு: மீன் இறங்கும் இடத்தைச் சுற்றும் செம்பருந்து, அலை பின்வாங்கியதும் வளை தோண்டும் மணல் நண்டு. என் ஓட்டு துறவி நண்டுக்கு. அதன் வயிற்றுப் பகுதிக்குக் கடினமான ஓடு கிடையாது. செத்த சங்கின் கூட்டுக்குள் புகுந்துதான் பிழைக்கிறது. உடம்பு வளர வளரப் பெரிய கூடு தேட வேண்டும். நல்லதொன்று கரை ஒதுங்கினால், ஒன்று விட்ட கூட்டில் இன்னொன்று நுழைய, சில நேரம் தெருவே வீடு மாறும். இதைப் பார்க்க பைனாகுலர் வேண்டாம், குந்தி உட்காரத் தெரிந்தால் போதும். நாமோ அந்த வெற்றுச் சங்குகளைப் பை நிறையப் பொறுக்குகிறோம். போதாததற்குக் கடைகளில் மாலையாகவும் வாங்குகிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின. பாம்பன் அதில் சேரவில்லை. இருந்தாலும் இங்குள்ள ‘குப்பை போடாதீர்’ பலகைக்குப் பக்கத்திலேயே ‘சங்கு பொறுக்காதீர்’ என்றும் ஒன்று நடலாம், செலவு அதிகம் ஆகாது.