தலைவலிக்கு எதற்கு இந்த மாத்திரை?
மாதத்தில் பாதி நாள் தலையை இறுக்கிக் கட்டியதுபோல் வலிக்கிறவருக்கு, இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார் மருத்துவர். வீட்டில் யாராவது கைபேசியில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வருகிறது. "எனக்கென்ன பைத்தியமா?" அட்டை பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போகிறது, வலி மாத்திரை தொடர்கிறது. பாராசிட்டமாலையே மாதம் 15 நாள் விழுங்கினால் அதுவே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். நோயாளியைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு எழுதும்போதே விளக்காதது மருத்துவரின் தவறு. 1964-லேயே ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் லான்ஸ் அமிட்ரிப்டிலினை நாள்பட்ட தலைவலிக்குக் கொடுத்துப் பலன் கண்டார். மனச்சோர்வுக்குத் தரும் அளவில் இந்த 10 மில்லிகிராம் சிறு பங்குதான். வலியைக் கடத்தும் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கத்தான் தருகிறார்கள். வாய் உலரும், காலையில் தூக்கம் அசத்தும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கண் அழுத்தமோ இதயத் துடிப்புக் கோளாறோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.