மை சொல்றபடிதான் மெஷின் கேட்கும்!



பிரிண்டரில் எழுத்து சரியா விழலைன்னா எல்லாரும் மெஷினைத்தான் திட்டுவாங்க. மை எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கிறதில்லை. முதலில் மையைத்தான் கேட்கணும் என்பது என் கருத்து.

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர் மையை உள்ளேயிருந்து வெளியே தள்ளும். ஓட்டை எவ்வளவோ, சொட்டும் கிட்டத்தட்ட அவ்வளவு. இன்னொரு முறையில் மின்சாரம் மையை வெளியேயிருந்து இழுக்கும். ஊசி முனையில் தொங்கும் சொட்டு கூம்பு மாதிரி ஆகி, அதன் நுனியிலிருந்து ஓட்டையை விட ரொம்ப மெல்லிசாகத் தாரை கிளம்பும். 1964இல் இந்தக் கூம்பைக் கணக்குப் போட்டு விளக்கியவர் ஜெஃப்ரி டெய்லர். அதனால் அதற்கு டெய்லர் கூம்பு என்று பெயர். 2007இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழுவினர் இந்த முறையில் 1 மைக்ரானை விடச் சின்னப் புள்ளி அச்சடித்தார்கள். நம்ம தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான் தடிமன் இருக்கும்!

அப்போ மின்சாரம் இருந்தா போதுமா? போதாது. பரப்பு இழுவிசை சொட்டை உருண்டையாகவே பிடித்து வைக்கும். அது அதிகமானால் வோல்ட்டைக் கூட்டணும். ரொம்பக் கூட்டினால் காற்றில் தீப்பொறி பறக்கும். பாகுநிலை அதிகமானால் மை தேன் மாதிரி மெதுவா வரும், சொட்டாகப் பிரியாது. மின்கடத்துத்திறன் ரொம்பக் குறைந்தால் மின்னூட்டம் மையின் மேல் சேராது. கூடினால் தாரை இன்னும் மெல்லிசாகும். ஆக மூன்றும் அளவோடு இருக்கணும். (இதில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரை போகும். வீட்டில் யாரும் செய்யாதீங்க!)

நான் செய்தது சின்ன சோதனை. கரண்டே வேண்டாம். இங்க் ஃபில்லரில் ஒரே அளவு தண்ணீர் எடுத்து சொட்டு சொட்டாக எண்ணினேன். பிறகு அதே அளவு சோப்புத் தண்ணீர். சோப்புத் தண்ணீரில் சொட்டு சின்னதாகி, எண்ணிக்கை கூடிடுச்சு. ஃபில்லர் அதேதான், மாறியது தண்ணீர்தான். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்துவிட்டது.

'பரப்பு இழுவிசை வரையறு' என்று எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கினேன். ஆனால் அன்றைக்குத்தான் அது புரிஞ்சது. செய்முறை வகுப்பில் பையன்கள் கருவியைப் பிடிக்கிறாங்க, நாங்க நோட்டு எழுதுறோம். கையெழுத்து அழகாம்! கையெழுத்து நல்லா இருந்தா கருவி பிடிக்கக் கூடாதா? பையன்களைக் குறை சொல்லலை. வாரம் மாற்றி வாரம் எல்லாரும் பிடிக்கட்டும், எல்லாரும் எழுதட்டும். ஆசிரியர்கள் இதை யோசிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தோழிகளே, அடுத்த செய்முறை வகுப்பில் நாம முன் வரிசையில் நிற்போம். ஃபில்லரை நாம பிடிப்போம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி