தலைமுழுகப்பட்ட நந்தினி

2023 மே மாதம். நாகர்கோவிலில் ஒரு தியேட்டரில் 'பொன்னியின் செல்வன் 2' பார்த்துவிட்டு வெளியே வந்தோம். ஆட்டோவுக்கு நிற்கும்போது எங்க ஆச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மக்களே, அவ குதிரையில ஏறில்லா போனா? இவனுவ எதுக்குத் தண்ணில கொண்டு முக்குகானுவ?"

ஆச்சிக்கு எண்பது தாண்டியாச்சு. அவளுடைய அண்ணன் கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு போட்டு வைத்த கட்டுகளைப் படித்து வளர்ந்தவள். மணியம் வரைந்த படங்களில் நந்தினியின் கொண்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்றுகூடச் சொல்வாள். கிராபிக்ஸ் பற்றியோ பாட்டு பற்றியோ அவளுக்கு ஒரு குறையும் இல்லை. விக்ரமைப் பிடித்திருந்தது. ஐஸ்வர்யா ராயை ரொம்பப் பிடித்திருந்தது. அந்த ஒரு விஷயம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. "கத எழுதினவன் உயிரோட விட்டான், இவனுவளுக்கு என்னவாம்?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். அந்தக் கேள்வியைத்தான் இங்கே நான் எடுத்துக்கொள்கிறேன். நியாயமான கேள்வி அது. இணையத்தில் படத்தைப் பற்றி எழுதித் தள்ளியவர்களில் அதைக் கேட்டவர்கள் குறைவு. சோழர் கொடியில் புலி எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற சண்டையிலேயே நம்ம ஆட்களுக்கு நேரம் போய்விட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பொன்னியின் செல்வனை சரித்திர நாவல் என்று சொல்லிச் சொல்லி அதன் உண்மையான வகையை மறந்துவிட்டோம். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த ஒற்றர் தொடர்கதை அது. கதாநாயகன் ஓலை கொண்டுபோகிறவன். ஆழ்வார்க்கடியான் முதல்மந்திரியின் ஒற்றன். ரவிதாஸன் கூட்டம் எதிர்த்தரப்பின் ரகசியப் படை. சுரங்கப்பாதை, முத்திரை மோதிரம், மாறுவேடம், ஒட்டுக்கேட்பது, ஒவ்வொரு வாரமும் உயிர் ஊசலாட்டத்தில் 'தொடரும்'. இன்றைக்கு ஓ.டி.டி.யில் வந்தால் ஸ்பை த்ரில்லர் என்று போட்டுத்தான் விற்பார்கள்.

எல்லா நல்ல ஒற்றர் கதைக்கும் நடுவில் ஒரு ஆபத்தான காதல் இருக்கும். வந்தியத்தேவன் – குந்தவை காதலை நான் சொல்லவில்லை. அது பாதுகாப்பான காதல்; தஞ்சைக் கல்வெட்டே அதற்குச் சாட்சி, எப்படியும் கல்யாணத்தில்தான் முடியும். கதையின் நடுக்கூடத்தில் எரிகிற நெருப்பு நந்தினி – ஆதித்த கரிகாலன். அவன் கையால் வீரபாண்டியன் தலை விழுந்ததற்குப் பழிவாங்க அவள் கிழவரைக் கட்டிக்கொண்டு பழுவூர் அரண்மனையில் காத்திருக்கிறாள். அவள் கொல்வாள் என்று தெரிந்தே அவன் கடம்பூருக்குப் போகிறான். கையில் வாளும் மனசில் காதலுமாக இரண்டு பேர் ஒரே அறைக்குள். வாசகர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தது அந்த அறைக்குத்தான்.

கல்கி அந்த அறையில் என்ன செய்தார்? விளக்கை அணைத்தார். யார் கொன்றது என்று கடைசிவரை சொல்லவில்லை. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார், மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள், பழி வந்தியத்தேவன் தலையில் விழுகிறது. உடையார்குடிக் கல்வெட்டில் சோமன், ரவிதாஸனாகிய பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் இருக்கிறது. அவர்களுடைய சொத்தைப் பறிமுதல் செய்த தகவல்தான் அது. அதில் நந்தினி இல்லை. நந்தினி முழுக்க கல்கியின் கற்பனை. தான் உண்டாக்கிய பெண்ணைத் தன் இஷ்டப்படி கொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் கொல்லவில்லை. குதிரையேற்றி அனுப்பிவிட்டார்.

(இடையில் ஒரு வார்த்தை. அந்தக் 'பஞ்சவன்' பட்டம் பாண்டிய நாட்டுத் தொடர்பைக் காட்டுகிறது என்பார்கள். ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்தது' அண்ணன் கொலைக்குப் பழிவாங்கத்தான் என்று ஒரு தரப்பு ரொம்ப நாளாகச் சொல்லிவருகிறது. காந்தளூர் எங்கே என்பதில் சண்டை ஓயவில்லை. ஆனால் காந்தளூரை முன்மாதிரியாக வைத்து ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில் 95 மாணவர்களுக்காக நிறுவிய பார்த்திவசேகரபுரம் சாலை எங்கள் மாவட்டத்தில், முஞ்சிறைப் பக்கம் இருக்கிறது. சுசீந்திரத்துக்கு ஒரு காலத்தில் கரிகாலனின் அப்பா பெயரில் சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம் என்று பெயர். எனவே 'தஞ்சாவூர்க் கதையில் நாஞ்சில்நாட்டுக்காரிக்கு என்ன வேலை' என்று யாரும் கேட்க வேண்டாம்.)

படம் என்ன செய்தது? கரிகாலன் அவளுடைய கத்தியைத் தானே தன்மேல் வாங்கிக்கொள்கிறான். சரி, அழகான காட்சிதான், மறுக்கவில்லை. கல்கியின் இருட்டைவிட மணிரத்னத்தின் வெளிச்சம் எனக்கு அங்கே பிடித்தும் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் நந்தினி தண்ணீருக்குள் இறங்கி அமிழ்ந்துபோகிறாள். கணக்கு முடிந்தது. சோழ நாடு சுத்தமானது. மிச்ச நேரம் ராஜ்ஜியம் யாருக்கு என்ற பேச்சு.

இதே விஷயத்தை நான் அதற்கு ஒரு வருஷம் முன்னால் வேறொரு தண்ணீரில் பார்த்திருந்தேன். 'கில்லிங் ஈவ்'. நம்மில் பலபேர் லேப்டாப்பை போர்வைக்குள் வைத்துப் பார்த்த தொடர். 2018இல் தொடங்கி நான்கு சீசன், 32 எபிசோடு. பிரிட்டிஷ் உளவுத்துறையில் மேசை வேலை பார்க்கும் ஈவும், கூலிக்குக் கொலை செய்யும் வில்லனெல்லும் ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்திக் காதலாகிற கதை. 2022 ஏப்ரலில் கடைசி எபிசோடு. ஒரு வழியாக இரண்டு பேரும் சேர்கிறார்கள், எதிரிகள் ஒழிகிறார்கள், படகின் மேல்தளத்தில் கட்டிப்பிடித்து நிற்கிறார்கள். எண்ணி ஒரு நிமிஷம்கூட இல்லை, குண்டு பாய்கிறது. இரண்டு பேரும் தேம்ஸ் ஆற்றில் குதிக்கிறார்கள். வில்லனெல் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகிறாள். ஈவ் மட்டும் மேலே வந்து கத்துகிறாள். திரை முழுக்க 'முற்றும்' என்று பெரிய எழுத்தில்.

மூலக்கதை எழுதிய லூக் ஜென்னிங்ஸின் அதுவரைக்குமான கடைசிப் புத்தகம் 2020இல் வந்தது. அதில் இரண்டு பேரும் உயிரோடு, ஒன்றாக இருக்கிறார்கள். தொடர் முடிந்த சில நாளில் அவரே கார்டியன் பத்திரிகையில் எழுதினார். ஒரே பால் காதலர்களுக்குக் கண நேரம் மட்டும் சந்தோஷம் கொடுத்து ஒருத்தியைக் கொன்றுவிடும் பழைய வழக்கத்துக்குத் தொடர் பணிந்துவிட்டது என்பதுதான் அவர் குறை. வில்லனெல் புத்தகத்தில் திரும்ப வருவாள் என்று ரசிகர்களுக்கு வாக்கும் கொடுத்தார். கடைசி சீசனின் தலைமை எழுத்தாளர் லாரா நீல் அதே காட்சியை ஈவின் மறுபிறப்பு என்று பேட்டிகளில் விளக்கினார். அதாவது ஒருத்தி குளித்துச் சுத்தமாக இன்னொருத்தி சாகணும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லண்டனில் ஒன்று, சோழ நாட்டில் ஒன்று. இரண்டிலும் நாவலாசிரியன் உயிரோடு விட்ட பெண்ணைத் திரை தண்ணீரில் போட்டது. இரண்டிலும் அவள்தான் ஆபத்தானவள். இரண்டிலும் அவளைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. போஸ்டர் அவள், டிக்கெட் அவள். கடைசியில் பில் கட்டும்போது மட்டும் ஒழுக்கம் ஞாபகம் வந்துவிடுகிறது.

இங்கே சிலர் கையைத் தூக்குவார்கள் என்று தெரியும். நாவல் என்ன வேதமா, சினிமாக்காரன் மாற்றக்கூடாதா? தாராளமாக மாற்றலாம். கரிகாலன் சாகும் விதத்தை மாற்றியதை நான் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன். என் சண்டை எந்தத் திசையில் மாற்றுகிறார்கள் என்பதில். ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடைக்க எத்தனையோ வெட்டணும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாவு வெட்டு இல்லையே, அது சேர்ப்பு. குதிரையில் ஏறிப் போனாள் என்று காட்டவும் அதே அரை நிமிஷம்தான் ஆகும்.

அடுத்தது, 'சோகம்தான் காவியம், செத்தால்தான் கனம்'. நம்மிடம் ரொம்ப செல்லுபடியாகிற வாதம் இது. கனமாம். அந்தக் கனத்தை ஏன் எப்போதும் ஒரே ஆள் தலையில் ஏற்றுகிறீர்கள்? 'பாவக் கதைகள்' தொகுப்பில் 'தங்கம்' பார்த்திருப்பீர்கள். சத்தார் என்ற திருநங்கை தான் நேசித்தவனையும் தன் தங்கச்சியையும் ஊரைவிட்டு அனுப்பிவைக்கிறாள். ஆண்–பெண் ஜோடி பிழைக்கிறது, சத்தார் சாகிறாள். நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தின பிறகு, இந்த அழுகையால் எனக்கு என்ன செலவாச்சு என்று யோசித்தேன். ஒரு ரூபாய் செலவில்லை. செத்தவளுக்காக அழுவது சுலபம். அவள் உயிரோடு பக்கத்து வீட்டில் வாடகைக்கு வந்தால்தான் நமக்குச் சங்கடம்.

கல்கியையும் நான் முழுசாக விட்டுவிடப் போவதில்லை. நந்தினியை விட்டவர் மணிமேகலையைச் சாகவைத்தார். ஒரு பாவமும் அறியாத பெண்ணைப் பித்தாக்கி, வந்தியத்தேவன் மடியில் உயிர்விட வைத்து, அதைத் தியாகச் சிகரத்தில் ஒரு படி ஆக்கினார். குந்தவையின் கல்யாணத்துக்கு வழிவிட ஒருத்தி போகணும், போனாள். ஆகவே அவர் ரொம்பப் புரட்சிக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நந்தினி விஷயத்தில் அவருக்கு ஏதோ கை நடுங்கியிருக்கிறது. தான் உண்டாக்கியது தன் தீர்ப்புக்குள் அடங்காது என்று தெரிந்திருக்கிறது.

எங்க ஊர்ப் பக்கம் கள்ளியங்காடு இருக்கிறது. நாகர்கோவிலை ஒட்டின இடம். நீலி கதையைச் சின்ன வயசில் வில்லுப்பாட்டில் கேட்டு பாயை மூத்திரத்தில் நனைத்தவர்களில் நானும் ஒருத்தி. தாசி ஒருத்தியை நகைக்காகக் கள்ளிமரத்தடியில் கொல்கிறான் அவள் நம்பினவன். கள்ளிதான் சாட்சி. அவள் நீலியாகத் திரும்ப வருகிறாள். அவன் செட்டியாகப் பிறந்து வருகிறான். கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு 'இவன் என் புருஷன்' என்று ஊர்ச்சபையில் நிற்கிறாள். ஊரே அவளை நம்பி அவனை அவளோடு அனுப்புகிறது. விடிந்தால் அவன் பிணம். ஜாமீன் நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

பயங்கரமான கதை, நியாயமான கதை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொடையில் அண்ணாவி வில்லில் வீசுகோலைத் தட்டி, குடம் முழங்க, நடுச்சாமத்தில் இதைப் பாடும்போது நீலியின் சாவு கதையின் தொடக்கம்தான். கொன்றால் முடிந்தது என்று எங்க ஊர்க் கதைக்காரன் யாரும் நினைக்கவில்லை. கொலைப்பட்டவளுக்குப் பீடம் போடணும், வருஷா வருஷம் படுக்கை வைக்கணும், அவள் வந்து ஆடும்போது எதிரே நின்று பதில் சொல்லணும். கொன்ற ஊர் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறது. 'முற்றும்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. அந்தப் பழைய வில்லுப்பாட்டுக்காரனுக்கு இருந்த பயம்கூட கோடிக்கணக்கில் போட்டுப் படம் எடுப்பவர்களுக்கு இல்லை. பொன்னியின் செல்வன் திரைக்கதையில் பங்கெடுத்து வசனம் எழுதிய ஜெயமோகன் எங்க ஊர்க்காரர்தான். யட்சிகளை அவரளவுக்கு எழுதினவர்கள் தமிழில் குறைவு. அதனால் ஏமாற்றம் கூடுதல்.

தமிழில் ஒரு சொல் இருக்கிறது. தலைமுழுகுதல். வீட்டைவிட்டுப் போன பெண்ணைப் பற்றி 'அவளைத் தலைமுழுகியாச்சு' என்பார்கள். இழவுக்குக் குளிப்பதுபோல உயிரோடு இருப்பவளுக்குக் குளிப்பது. குளித்தது இவர்கள், செத்தது அவள் என்று கணக்கு. அந்தச் சொல்லைத்தான் இந்த இரண்டு திரைக்கதைகளும் அப்படியே படம்பிடித்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

கற்பனைப் பாத்திரத்துக்கு எதுக்கு இத்தனை கோபம் என்றால், 2021ஐ ஞாபகப்படுத்துகிறேன். மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்து, வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். கேட்டதைத் தீர்ப்பிலும் எழுதினார். அந்த ஜூன் 7ஆம் தேதி உத்தரவில், சேர்ந்து வாழும் வயதுவந்தவர்களைக் காணவில்லைப் புகாரை வைத்துப் போலீஸ் துன்புறுத்தக்கூடாது என்றார். 'மாற்றுகிறோம்' என்று சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். காணாமல் போனவள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், இருக்கட்டும் என்று ஒரு நீதிமன்றம் சொல்கிறது. கல்கி 1954இல் அதைத்தான் செய்தார், தெரிந்தோ தெரியாமலோ. நம்முடைய பெரிய சினிமாவுக்கும் பி.பி.சி. அமெரிக்காவுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

எங்க வீட்டிலும் ஒருத்தி போனாள். ஆறு வருஷம் ஆகிறது. பெயர், ஊர் எல்லாம் வேண்டாம். பெரியப்பா அன்றைக்கே கிணற்றடியில் நாலு வாளி தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, "இனி அவ பேச்சு இந்த வீட்டில கேக்கப்பிடாது" என்றார். யாரும் பேசவில்லை. அவள் இப்போது வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள், வாடகை கட்டுகிறாள், பூனை வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து என் போனில் வீடியோ கால் போடுவாள். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோவாள்.

போன வாரமும் அதே கேள்விதான். "சாப்டியா மக்களே? அவ சாப்ட்டாளா?"

பூனையைத்தான் கேட்கிறாள் என்று பெரியம்மை அடுக்களையிலிருந்து நினைத்திருக்கலாம்.